செருப்புக் காவல்

"சட்டையைக் கழட்டுங்க மருமகனே, பூசைக்கு மணி அடிக்கப் போறாங்க."

கந்தப்பன் தன் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேன் பிடித்து எல்லோரையும் திருகோணமலைக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். போர்நிறுத்தம் வந்து, பயமில்லாமல் பயணம் போக முடிந்த முதல் வருஷம் அது.

சுபாஸ் கழுத்துப் பொத்தானைப் பிடித்தபடி நின்றான்.

"நான் வெளியவே நின்னு கும்பிட்டுக்கிறேன் மாமா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"கோணேஸ்வரர் வாசல் வரைக்கும் வந்துட்டு சும்மாவா?"

சுபாசின் அம்மா இராக்கம்மா கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய லயத்து வீட்டுச் சுவரில் அப்புத்தளைக் கடையில் கொடுத்த பழைய காலண்டர் ஒன்று உண்டு. கடலோரப் பாறையின் மேல் இந்தக் கோயில் நிற்கும் படம். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து மாதக்கணக்கில் கடிதம் வராதபோது, அந்தப் படத்தின் முன்னால்தான் அவள் நேர்ந்துகொண்டாள். 'புள்ள திரும்பி வரட்டும். கூட்டியாந்து ஒன் முன்னால நிறுத்துறேன்.' கொழும்பில் தமிழ்ப் பையன்களைச் சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துப் பிடித்து அடைத்துக்கொண்டிருந்த காலம்.

அவன் திரும்பி வந்தான். "கடையில வேல கூடிப்போச்சு, எழுத நேரமில்ல" என்றான்.

வருஷங்கள் போயும் காலண்டரை அவள் கழற்றவில்லை.

"கொழும்பு பாத்தவரு இல்ல?" என்றாள் கந்தப்பனின் மனைவி ஜீவராணி. "நம்ம ஆம்பளைங்க மாதிரி தொறந்த மேலோட நிக்க வெக்கமா இருக்கும்."

"பெத்தவ எவ்வளவு காலமா ஏங்குறா! அவ நேர்த்தியவிட ஒரு சட்ட பெருசாப் போச்சா?" கந்தப்பனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "நீ சொல்லுக்கா. நீ சொன்னா கழட்டாமலா போவாரு?"

எல்லோரும் இராக்கம்மாவைப் பார்த்தார்கள்.

"விடு கந்தப்பா. செருப்பப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமில்ல? அவன் நிக்கட்டும்."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மகன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மணி அடித்தது. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று சுபாஸ் எட்டி எட்டிப் பார்த்தான். தலைகளுக்கு நடுவே தீபம் தெரிந்தது, மறைந்தது. தன்னை அறியாமல் ஒரு பொத்தானைக் கழற்றினான். இன்னொன்றையும்.

உள்ளே அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அவசரமாக இரண்டையும் போட்டுக்கொண்டான்.

பூசை முடிந்ததும் எல்லோரும் பாறையில் பிளவாய் இருக்கும் இராவணன் வெட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். "நம்ம பக்கம் எல்ல ஊருல தன் பேருல அருவியையும் வச்சிக்கிட்டு, இங்க வந்து மலையையும் வெட்டியிருக்கான் பாரு" என்று கந்தப்பன் சொல்லிக்கொண்டே போனார். சுபாஸ் பக்கம் அவர் திரும்பவில்லை.

இராக்கம்மா மட்டும் செருப்புகளிடம் வந்தாள். கையில் மடித்த இலையில் திருநீறு.

"தீபம் தெரிஞ்சிச்சா?"

"கொஞ்சம்."

அவன் நெற்றியில் பூசிவிட்டாள்.

"என்னால ஒன் நேர்த்தி முடியாமப் போச்சேம்மா."

"யாரு சொன்னா? குனி."

குனிந்தான். மீதித் திருநீற்றை விரல்களில் எடுத்து, சட்டைக் கழுத்து வழியாக அவன் முதுகுக்குள் கையை விட்டாள்.

விரல்கள் எங்கும் தேடவில்லை. முதலில் இடது தோளுக்குக் கீழே நீளமாக ஓடிய தழும்பு. பிறகு அதற்குக் கீழே வட்ட வட்டமாக இருந்தவை. எந்தக் கடை வேலையிலும் முதுகில் விழாத தழும்புகள். ஒவ்வொன்றாகத் தடவினாள்.

சுபாஸ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

"அம்மா... ஒனக்கு எப்படி..."

அவள் கையை எடுத்து, அவன் கழுத்துப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"போன வருஷம் காய்ச்சல்ல நெனவில்லாமக் கெடந்தியே, வேர்த்து நனைஞ்ச சட்டைய யாருடா மாத்துனா?"