எட்டாத ஹேண்டில்பார்

சைக்கிள் கடை வாசலில் ஜெசிந்தா ஒரு பெரிய ரேஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். விற்பனைக்கு நின்ற சின்ன ரேஸ் சைக்கிள் அதை அடையாளம் கண்டுகொண்டது.

"என்ன அண்ணே, போன வருஷம் போனவர் திரும்பி வந்துட்டீங்க?"

"விக்கக் கொண்டு வந்திருக்கா. ஜெசிந்தா இனிமே சைக்கிளே ஓட்ட மாட்டாளாம்."

"ஏன், எங்கேயாவது கவுத்து விட்டீங்களா?"

"அந்தப் பாவத்தை நான் செய்யல. வாங்கினது அவளுக்குத்தான். ஆனா வீட்டுக்காரரும் தம்பியும் ஓட்டட்டுமேன்னு பெரிய சைஸா வாங்கினாங்க. அவங்க என்னைத் தொட்டதே இல்ல. இவளுக்குத்தான் ஹேண்டில்பாரை எட்டி எட்டிப் பிடிச்சுக் கழுத்து வலி, தோள் வலி. சீட்டை இறக்கிப் பாத்தா, முன்னால தள்ளிப் பாத்தா. கடைசியில தன் கை குட்டைன்னு முடிவு பண்ணிட்டா."

"நிஜமாவே குட்டையா?"

"நல்ல கைதான். நான்தான் நீளம்."

கடைக்காரர் குனிந்து பெரிய சைக்கிளின் செயினைப் பார்க்க ஆரம்பித்தார். உட்கார வேறு இடமில்லாமல் ஜெசிந்தா சின்ன சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். கைகள் தாமாக ஹேண்டில்பாரில் போய் அமர்ந்தன. லேசாக மடங்கியிருந்த முழங்கைகளை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"தெருமுனை வரைக்கும் போங்கம்மா."

வேலை முடிந்து கடைக்காரர் நிமிர்ந்தபோது தெருமுனையில் அவளைக் காணோம். மெயின் ரோடு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கதான் போச்சு இந்தப் பொண்ணு?"

பெரிய சைக்கிள் அவருக்குக் கேட்காத குரலில் சொன்னது:

"கொஞ்சம் பொறுங்க. அவ இன்னிக்குத்தான் சைக்கிள் ஓட்டுறா."