கோத்தகிரி சசிரேகா

பன்னிரண்டு பெண்களின் காதுகளை ஒரே மூச்சில் கருக்கிவிட்டு, பவுல்ராஜ் ஜன்னலைத் திறந்து காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். புகை வெளியே போகிற வழியாக இல்லை. குன்னூர் மூடுபனிதான் உள்ளே வந்துகொண்டிருந்தது.

காதுகள் என்றால், ஞாயிற்றுக்கிழமை அந்தக் காதுகளில் ஆட வேண்டிய கம்மல்கள். காந்தல் சர்ச் பாடகர் குழுவுக்காக அவர் மனைவி ஜெஸிந்தா மூன்று நாள் உட்கார்ந்து பாலிமர் களிமண்ணில் செய்தவை. ஊதாப் பூ, பூவுக்குக் கீழே ஒரு வெள்ளை மணி. இப்போது பூவும் மணியும் ஒரே நிறம். நன்றாகக் காய்ந்த டீத்தூள் நிறம்.

ஜெஸிந்தா ஓவனை நூற்று முப்பதில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தாள். டீ எஸ்டேட் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாக இலை காயவைக்கிற டிரையர் பார்க்கிற மனுஷனுக்கு அந்த நூற்று முப்பது பொறுக்கவில்லை. இந்தச் சூட்டில் இலை வாடக்கூட வாடாதே என்று இருநூற்று முப்பதுக்குத் திருகிவிட்டார். டிரையரில் இருப்பது அந்தக் காலத்து ஃபாரன்ஹீட் முள், ஓவனில் இருப்பது செல்சியஸ் என்பது புகை வந்த பிறகுதான் உறைத்தது.

"ஏனுங்க, என்ன நாத்தம் இது?" வாசலில் பால் பாக்கெட்டோடு ஜெஸிந்தா.

"கொஞ்சம்… நம்ம ஃபேக்டரி பக்குவத்துக்கு வந்துருச்சு ஜெஸி."

அவள் தட்டைப் பார்த்தாள். ஒரு பூவை எடுத்து அழுத்தினாள். பொரபொரவென்று உதிர்ந்தது. சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது.

"பாட்டுக் குழு ஷைனா டீச்சருக்கு என்னங்க பதில் சொல்லுவேன்?" சால்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பன்னெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டுட்டு நிப்போம்னு அத்தனை ஆசையா சொன்னாங்க."

ஜெஸிந்தாவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. இதற்கு முன்னால் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர், கோத்தகிரி சசிரேகா. மாதம் தவறாமல் ஒரு ஜோடி வாங்குவாள். 'நல்ல நிறம், நல்ல கெட்டி, டஸ்ட் கொஞ்சமும் இல்லை' என்று டீத்தூளைச் சொல்கிற மாதிரி பாராட்டு வேறு எழுதுவாள்.

அந்தச் சசிரேகா தினமும் மீசையை ஒதுக்கிவிட்டு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு டிரையர் வேலைக்குப் போகிற ரகசியம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பவுல்ராஜ். இன்னொருவர் அவரோடு படித்த, கோத்தகிரி கூரியர் ஆபீஸ் கருணாகரன்.

ஃபோனில் கம்மல் வியாபாரம் ஆரம்பித்த புதிதில் மூன்று மாதம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜெஸிந்தா ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிற முகத்தைத் தாங்க முடியாமல்தான் பவுல்ராஜ் சசிரேகா ஆனார். கருணாகரன் கொண்டுவந்து தருகிற பொட்டலத்தை அவர் பிரித்ததே இல்லை. பிரித்தால் மட்டும் கம்மலைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? நேராக விறகு ஷெட்டில் கிடக்கும் பழைய ரப்பர் கம்பூட்ஸுக்குள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார். பதிமூன்று மாதம் போட்டும் பூட்ஸ் நிறையவில்லை. கம்பெனி கொடுத்த பூட்ஸ், தாராள மனசு.

பதிமூன்று! பவுல்ராஜ் நிமிர்ந்தார். பன்னிரண்டு போக ஒன்று மிச்சம்கூட வருமே. நிறம் முன்னே பின்னே இருந்தால் என்ன, சர்ச்சில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டுதானே இருப்பார்கள்?

ஆனால் இருந்த ஒரே வாடிக்கையாளரும் பொய் என்று தெரிந்தால் இவள் தாங்குவாளா? தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. போகட்டும் ரகசியம்.

"அழுவாத ஜெஸி. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். திட்டக்கூடாது."

ஷெட்டுக்கு ஓடி, பூட்ஸ் இரண்டையும் தூக்கி வந்து மேஜை மேல் கவிழ்த்தார்.

ஒரு பொட்டலம் விழுந்தது. மூலைகள் மழுங்கி, மேலே மேலே ஒட்டிய விலாச லேபிள் வர்க்கி மாதிரி அடுக்கடுக்காகத் தடித்திருந்தது. குலுக்கினார். ஒரு சிலந்தி விழுந்து ஓடியது. தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை.

"எலி இழுத்துட்டுப் போயிருச்சோ?"

"எலி கம்மல் போடுமாங்க?"

சால்வை விலகியது. ஜெஸிந்தாவின் கண்ணில் நீர் இருந்தது. அத்தனையும் சிரித்துச் சிரித்து வந்த நீர்.

"அப்ப உனக்கு…"

"கம்மலைப் பாத்து டஸ்ட் இல்லைன்னு எழுதுற பொம்பள கோத்தகிரியில ஏதுங்க?"

பவுல்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரிஞ்சுமா இத்தனை மாசம் சும்மா இருந்த?"

"ஆர்டர் வந்துருக்குன்னு நான் சொன்னா, என்னைவிட நீங்கதான துள்ளுவீங்க. எப்படிங்க கெடுக்கறது?"

அவர் காலிப் பூட்ஸை மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தார். "சரி, மத்தப் பன்னெண்டு எங்க?"

"பால் காய்ச்சட்டுங்களா?"

"ஜெஸி!"

"நாளைக்கு லீவு போடுங்க. களிமண் இன்னும் இருக்குது. நான் பூ செய்யறேன், நீங்க மணி உருட்டுங்க. ஓவன் பக்கம் மட்டும் வந்துறாதீங்க."

"உருட்டறேன், விடிய விடிய உருட்டறேன். அந்தப் பன்னெண்டு என்னாச்சு? யாருக்காச்சும் சும்மா குடுத்துட்டியா?"

"சும்மா எதுக்குங்க குடுக்கறது? வித்தேன்."

"யாருக்கு?"

ஜெஸிந்தா அந்த ஒற்றைப் பொட்டலத்தை எடுத்துத் தூசியைத் தட்டினாள்.

"உங்களுக்குத்தானுங்க. மாசாமாசம், இதே ஜோடிய!"