தொட்டால் வரும் வசனம்

என் பெருவிரலை டெப்பின் தொடுதிரை இரண்டு தரம் ஏற்கவில்லை.

சேட்டில் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் அழுத்தினேன். திரையில் வசனம் வந்தது. இருக்கிற தேசத்திலேயே குடியிருக்கச் சொல்லும் சங்கீத வசனம்.

“அல்லேலூயா!” என்றார் செல்வநாயகம் பாஸ்டர்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

வருடப் பிறப்பு ஆராதனை. எங்கள் தர்மபுரம் சபையில் அன்றைக்கு ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் எடுப்போம். அந்த வருடம் முழுவதும் ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான். போன வருடம்வரை பிஸ்கட் ரின்னுக்குள் சுருட்டிப் போட்ட கடதாசித் துண்டுகள். இந்த வருடம், சுவிஸிலிருந்து பாஸ்டரின் மருமகன் அனுப்பிய டெப். தொட்டால் வசனம் வரும்.

ரின் என்றால் கையை விட்டுக் கலக்கலாம். அடியிலிருந்து எடுக்கலாம். இதற்குள் எதைக் கலக்குவது?

மற்ற வருடமென்றால் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் திங்கட்கிழமை ஏஜென்சிக்காரனுக்குப் பதில் சொல்லவேண்டும். ருமேனியாவில் தொழிற்சாலை வேலை, மூன்று வருட ஒப்பந்தம். போவதா, உழவு மெசினோடு இங்கேயே கிடப்பதா என்று சபைக்கே தெரிந்த கதையாகிவிட்டது.

போகப்போவதாக என் மனைவி பிரேமிளாவிடம் மூன்று தரம் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், வருட வசனத்தில் ஆண்டவரே சொல்லட்டும் என்றாள்.

அவர் சொல்லிவிட்டார். அதுதான் நம்பமுடியாமல் இருந்தது. நான் கேட்டதற்கு ஆண்டவர் இவ்வளவு கெதியாக எப்போது பதில் சொல்லியிருக்கிறார்?

கதிரையில் போய் இருந்து மற்றவர்களுக்கு வந்ததைக் கேட்கத் தொடங்கினேன்.

கனகலிங்கம் அண்ணைக்குத் திராட்சைச் செடியின் நிழல் வந்தது. விமலேஸ்வரி அக்காவுக்குச் சமாதானமான வீடு. அக்காவின் மகளுக்கு, வீட்டைச் சுற்றி வேலி. பிறகு வயல், கிணறு, நிறைந்த களஞ்சியம்.

எனக்குப் பின்னால் பதினேழு பேர். எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒருவரையும் ஆண்டவர் படலைக்கு வெளியே போகச் சொல்லவில்லை.

ஆபிரகாமை ஊரைவிட்டுப் புறப்படச் சொன்ன வசனம் வருடா வருடம் யாருக்காவது வரும். போன வருடம் விமலேஸ்வரி அக்காவுக்கு வந்தது. கிளிநொச்சிச் சந்தையைத் தாண்டாத மனுசி அவர். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மோசேயையும் யோனாவையும்கூட ஆண்டவர் போகத்தான் சொன்னார். அவர்களில் ஒருவரும் இந்த டெப்புக்குள் இல்லை.

பாஸ்டரைப் பார்த்தேன். சபை வானை ஓட்டுகிறவன் நான். நான் போனால் வான் கொட்டிலில் கிடக்கும், மனுசன் முள்ளியவளைக் கூட்டத்துக்கு பஸ்ஸில் தொங்கவேண்டும். வெள்ளைச் சேட்டும் சிரித்த முகமுமாக நின்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்டவருக்கே என்ன பேசுவது என்று சொல்லிக்கொடுக்கத் துணிந்துவிட்டாரா?

ஆராதனை முடியட்டும், வாசலில் வைத்துக் கேட்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வரிசையில் கடைசியாகப் பிரேமிளா நின்றாள். வருட வசனத்தை அவள் ஒருநாளும் விட்டதில்லை. மகள் பிறந்து ஒன்பதாம் நாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எடுத்தவள். எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் அவளுடைய துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும்.

பாஸ்டர் டெப்பை நீட்டினார். அவள் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாம் பாஸ்டர்.”

“ஏன் தங்கச்சி? ஒரு கிழமையா இருந்து எல்லா வசனத்தையும் இதுக்குள்ள ரைப் அடிச்சது நீங்கள்தானே. உங்களுக்கும் ஆண்டவர் ஒண்டு வைச்சிருப்பார்.”

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

நத்தாருக்கு முந்திய கிழமை, பின்னேரங்களில் அவள் பாஸ்டர் வீட்டுக்குப் போய்வந்தாள். கரோல் பழக என்றுதான் நினைத்திருந்தேன்.

ரின்னிலிருந்த துண்டுகளை அவள்தான் ஒவ்வொன்றாக விரித்து, வாசித்து, அடித்திருக்கிறாள். எவற்றை அடிக்காமல் விட்டாள் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் விளங்கியது. பாஸ்டரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவர் ஒன்றும் அறியாமல் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

“ரஜிதன், ஆண்டவர் உங்களோட பேசினவரோ? சாட்சி சொல்லுங்கோ.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரேமிளாவும் பார்த்தாள். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஓம், பேசினவர்,” என்றேன். “நான் போகேல்லை.”

சபை கைதட்டியது. பிரேமிளா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து விமலேஸ்வரி அக்கா அவளைக் கட்டிப்பிடித்து ஸ்தோத்திரம் சொன்னார்.

பாஸ்டர் டெப்பை நிறுத்தி உறைக்குள் வைத்தார். அவளுக்கு இந்த வருடம் வசனம் இல்லை.

ருமேனியாவுக்குப் போக எனக்கும் ஒருநாளும் மனம் இருந்ததில்லை. போகவேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் மூன்று தரமும் அப்படிச் சொன்னேன். உள்ளதை ஒரு தரம் சொல்லியிருந்தால், அவள் ஆண்டவரின் வாயைப் பொத்தியிருக்க மாட்டாள்.