பன்றிக் கொட்டிலைப் பார்க்க வந்த அதிகாரி

வேல்ஸ் நாட்டு மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. அதன் முற்றத்தைச் சுற்றி மூன்று கல் கட்டடங்கள் நின்றன: நெஞ்சை நிமிர்த்திய தானியக் களஞ்சியம், மூக்கால் பேசும் குதிரை லாயம், மூலையில் குட்டையாக ஒரு பன்றிக் கொட்டில்.

பண்ணைக்கார எலுனெட் அம்மாளுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. பழங்கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரியம்மா தலையாட்டினால், கொட்டிலை இடித்துவிடலாம்.

"அவங்க வர்றப்ப நீ மூச்சு விடாத, எங்க மானம் போயிரும்," என்று உறுமியது களஞ்சியம். "என் புதுத் தகரக் கூரையைப் பார்த்தா அசந்துருவாங்க."

"ம்ஹ்ஹும், என் சிமெண்டுப் பூச்சு கண்ணாடி மாதிரில்ல இருக்கு!" என்று கனைத்தது லாயம்.

"எனக்கு யாருண்ணே என்ன செஞ்சாங்க? அன்னிக்கு அடுக்கின கல்லு, அப்படியே உக்காந்திருக்கேன்," என்றது கொட்டில்.

அதிகாரியம்மா வந்தார். தகரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சிமெண்டைச் சுரண்டிப் பெருமூச்சு விட்டார். கொட்டிலின் முன்னால் மண்டியிட்டே விட்டார். "சாந்து கூட இல்லாம, கல்லு மேல கல்லு அடுக்கியே கூரையும் கூட்டியிருக்காங்க! இருநூறு வருஷமா யாரும் கை வைக்கல, இனியும் வைக்கக் கூடாது. காரை வெளியில நிறுத்துங்கம்மா."

அவர் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் களஞ்சியம் குழைந்தது. "பங்காளி, நாமெல்லாம் ஒரே மலைக் கல்லுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அதுக்கென்னண்ணே, அடுத்த தடவை சொல்லிட்டாப் போச்சு," என்றது கொட்டில், வெயிலில் முதுகைக் காயவிட்டபடி. "கொஞ்சம் பன்னி வாடை மட்டும் பூசிக்குங்க. இல்லேன்னா நம்ப மாட்டாங்க."