ஓர் ஆமையும் சாகவில்லை

கொழும்பிலிருந்து வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தில்லைநாதன் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

இந்த ஆறு மாதத்தில் கொக்கிளாய்க் கரையில் ஒரு கடலாமைகூட வலையில் பட்டுச் சாகவில்லையாம். மீனவர்களின் ஒத்துழைப்பைத் திணைக்களம் பாராட்டுகிறதாம்.

நாலு வருடமாக அந்தக் கரையில் தில்லைநாதனுக்கு ஆமைக் கணக்குத்தான் வேலை. வலையில் செத்த ஆமை எத்தனை, உயிரோடு விட்டது எத்தனை என்று மாதாமாதம் படிவம் நிரப்பி அனுப்புவார்.

முதல் வருடம் அவர் சைக்கிளைக் கண்டதும் மீனவர்கள் செத்த ஆமைகளை மணலில் புதைத்தார்கள். புதைக்காமல் அவர் முன்னால் கொண்டுவந்து போட்ட முதல் ஆள் வீரகத்தி. பிறகொரு நாள், உயிருள்ள ஆமைக்காகத் தன் புது வலையையே அறுத்தவரும் வீரகத்திதான்.

போன மார்கழியில் ஊரை விட்டு வெளியேறச் சொல்லி இராணுவத்திடமிருந்து கட்டளை வந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடந்தார்கள். வலைகளை எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போன வீரகத்தியின் தம்பி பாலன் இன்னும் வரவில்லை.

தில்லைநாதன் படிவம் அனுப்புவதை நிறுத்தவில்லை. செத்தவை: பூச்சியம். குறிப்பு என்ற இடத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே வரியை எழுதினார்: ‘கரையில் ஆட்கள் இல்லை. எவரும் வலை போடவில்லை.’

கொழும்பில் பூச்சியத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

“ஆமையள் எண்டாலும் நல்லா இருக்கட்டும்” என்றாள் வீரகத்தியின் மனைவி சுப்பம்மா. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வீரகத்தி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்கள் எப்ப திரும்பிப் போகலாம் எண்டு ஒண்டும் எழுதேல்லையோ, ஐயா?”

“இல்லை வீரகத்தி. இவ்வளவுதான்.”

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தில்லைநாதன் வெளியே வந்தார்.

கடிதத்தின் கடைசிப் பந்தியை அவர் அவர்களுக்குச் சொல்லவில்லை. கொக்கிளாயில் இவ்வளவு பலன் தந்த அதே முறையை மற்றக் கரையோர ஊர்களிலும் விரைவில் நடைமுறைப்படுத்தும்படி அதில் கேட்டிருந்தார்கள். ஊர்களின் பெயர்களையும் வரிசையாகக் கொடுத்திருந்தார்கள்.

முதலாவது, இந்தப் பள்ளிக்கூடம் இருந்த ஊர்.