நெசத் தொப்பி

குரங்கணியிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய பாண்டியம்மாள், போடியில் ஜேசுதாஸின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்தாள்.

“இதை வச்சு ஒரு போட்டா எடுக்கணும் தம்பி.”

ஜேசுதாஸ் சிரித்தான். “இதையா சுமந்துட்டு வந்தீக? இங்கயே ஒண்ணு கிடக்கேக்கா. நம்ம பயலுக ஸ்டைலா சாய்ச்சு வச்சுப் படம் எடுத்துக்கிடுவாங்க.”

“அது வெளையாட்டுத் தொப்பி. இது நெசம். எம் மகன் உக்கிரபாண்டி நேவியில போட்டது.” முந்தானையால் தொப்பியை மெல்லத் துடைத்தாள்.

ஜேசுதாஸின் சிரிப்பு நின்றது. போர் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் மூழ்கிய நேவிக் கப்பலைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தான். தொப்பியை இரு கைகளாலும் வாங்கி ஸ்டூலில் வைத்தான்.

“மாலை வாங்கியாரட்டுமாக்கா?”

“மாலை எதுக்கு?”

“மகன் நெனப்பா வீட்டுல மாட்டத்தானே...”

“வாயைக் கழுவுங்க தம்பி! அவன் நல்லா இருக்கான். டிரெய்னிங் முடிஞ்ச அன்னைக்கு மத்த பயலுகளெல்லாம் தொப்பியக் கழட்டி, ஆத்தா தலையில வச்சுப் படம் எடுத்தாகளாம். ஏலக்காய் எடுப்பை விட்டுட்டு என்னால போக முடியல. அதான் பார்சல்ல அனுப்பியிருக்கான். ‘நீ போட்டுக்கிட்டு எடுத்தனுப்பு ஆத்தா, கப்பல்ல எல்லாருக்கும் காட்டணும்’னு எழுதியிருக்கான்.”

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சிரிக்கவா, வெறப்பா இருக்கவா தம்பி?”

ஜேசுதாஸ் பதில் சொல்வதற்குள் அவள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. அவன் சட்டென்று படத்தை எடுத்தான்.