பட்டியலில் மூன்றாவது வீடு

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பித்த பிறகு, எந்த வீட்டுச் சாக்கடையில் என்ன நோய், என்ன மருந்து கலந்து வருகிறது என்பது காலையிலேயே தெரிந்துவிடும். அந்தந்த வீட்டுக்குப் போன் செய்து விசாரிப்பது பொற்கொடியின் வேலை.

அன்றைய பட்டியலில் மூன்றாவதாக அவள் வீடே இருந்தது. புற்றுநோய் மாத்திரை. வீட்டில் இருப்பது அவளும் கணவர் தணிகாசலமும் மட்டும்தான்.

பேச்சு பதிவாகும், விதிப்படிதான் கேட்க வேண்டும். அவரை அழைத்தாள்.

"கழிவுநீர் நிலையத்துலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுத் தண்ணில புற்றுநோய் மாத்திரை தெரியுது. நீங்கதான் சாப்பிடறீங்களா?"

"ஆமா. நேத்துதான் ஆரம்பிச்சேன்."

"வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"இப்போ தெரிஞ்சிருச்சும்மா."

'தெரியும்' என்று குறித்தாள். மீதிப் பட்டியலைப் பக்கத்து மேசையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.